மூடியதாக நினைத்த மைக்: யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கேள்வி: மதுரையில் கூட்டுக் குடும்பத்தில் வசிக்கிறேன். சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சில வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரக் கூட்டத்தில் என் பங்கைப் பேசி முடித்ததும், காதிலிருந்த இயர்பட்ஸைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தேன். மைக் அணைந்துவிட்டது என்றே நினைத்தேன். குழந்தைக்குக் கைபேசியைக் காட்டிச் சோறு ஊட்டியதற்காக மாமியாரிடம் கோபமாகப் பேசினேன். பிறகு கணவரிடம் என் மேலாளரைப் பற்றி, "அந்த மனுஷனுக்கு வேலை ஒன்றும் தெரியாது, வாய் மட்டும்தான், பேச ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் விடமாட்டார்" என்று சொன்னேன். அத்தனையும் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. வாடிக்கையாளர் தரப்பினரும் இருந்தார்கள். நல்லவேளையாக அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மேலாளர் இதுவரை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் என் குழுவில் ஒருவர் அதைக் கைபேசியில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் பரப்பியிருக்கிறார். அன்றிலிருந்து கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நடந்த அனைத்தையும் ஒரே அவமானமாகச் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதைப் பிரித்துப் பார்க்க உதவுவதே இந்தப் பதிலின் முதல் வேலை. வீட்டுப் பேச்சு வெளியே கேட்டது ஒன்று. மேலாளரைப் பற்றி நீங்கள் சொன்னது வேறொன்று. அதை ஒருவர் பதிவுசெய்து பரப்பியது மற்றொன்று. முதலாவதற்கு நீங்கள் அலுவலகத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் கேட்டே ஆக வேண்டும். மூன்றாவதற்கு உங்களிடம்தான் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டும். இவை மூன்றும் கலந்து கிடப்பதால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், வேலையையே விட்டுவிடலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

முதலில், இது எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கான விடை இருக்கிறது. இயர்பட்ஸைப் பெட்டியில் வைத்தவுடன் கணினியுடனான அதன் புளூடூத் இணைப்பு அறுந்துவிடும். ஆனால் கூட்டத்துக்கான செயலி அதைக் கூட்டத்திலிருந்து நீங்கள் விலகியதாகவோ, மைக்கை மூடியதாகவோ எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும், அறுந்த கருவிக்குப் பதிலாக மடிக்கணினியில் உள்ள சொந்த மைக்கையும் ஒலிபெருக்கியையும் தானாகவே எடுத்துக்கொள்கிறது. மடிக்கணினியின் மைக் காதருகில் இருக்கும் மைக்கைப் போல அல்லாமல் அறை முழுவதையும் கேட்கக்கூடியது. அந்த நேரத்தில் மடிக்கணினியின் ஒலி அளவு குறைத்து வைக்கப்பட்டிருந்தால், உங்கள் குரல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் உங்களை அழைத்த குரல் உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் அலட்சியமாக இருந்ததாக உங்களையே நொந்துகொள்வதை நிறுத்துவதற்கு இந்த விவரம் உதவும் என்று நம்புகிறேன். ஹெட்செட்டில் உள்ள பொத்தானை மட்டும் அழுத்தி மைக்கை மூடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. ஹெட்செட்டின் சார்ஜ் தீர்ந்து அது அணைந்துபோனால், செயலியில் மூடப்படாத மைக் மடிக்கணினி வழியாகத் திறந்தே இருக்கும். ஆகவே, மைக் மூடியிருக்கிறதா என்பதைக் காதிலுள்ள கருவியைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. திரையில் உள்ள மைக் படத்தின் மேல் குறுக்குக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இருக்கையிலிருந்து எழ வேண்டும்.

இனி, மாமியாரோடு நடந்த பேச்சு. ஒரு வீட்டில் குழந்தை சாப்பிடுகிறது, அது தொடர்பாக இரண்டு பெண்களுக்குள் கருத்து வேறுபாடு எழுகிறது, குரல் உயர்கிறது. இதில் அலுவலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல எதுவும் இல்லை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கியபோது நம் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளின் கூடமும் படுக்கையறையும் ஒரே வாரத்தில் அலுவலகமாயின. தனியறை இருந்தவர்கள் கதவை மூடிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் குக்கர் சத்தத்துக்கும் தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அந்த ஏற்பாடு பல நிறுவனங்களில் இன்றும் தொடர்கிறது. ஊழியரின் வீட்டைத் தன் வேலையிடமாகப் பயன்படுத்திக்கொள்ளும் நிறுவனம், அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வீட்டுச் சத்தம் கேட்டதற்காக ஒரு பெண் ஊழியர் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் குழுவை நடத்துகிறவரிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சத்தம் எவ்வளவு பெரிய சபையிலும் கேட்டுவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மே மாதம் முதன்முறையாகத் தொலைபேசி வழியாக வாதங்களைக் கேட்கத் தொடங்கியது. பொதுமக்களும் அவற்றை நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மே 6 அன்று ஒரு வழக்கறிஞர் வாதாடிக்கொண்டிருந்த நடுவில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. வழக்கறிஞர் வாதத்தை நிறுத்தவில்லை. விசாரணை அப்படியே தொடர்ந்தது. வெளியுலகம் சில நாட்கள் அதைப் பற்றிப் பேசியது, அவ்வளவுதான். தற்செயலாகக் கேட்ட சத்தத்தை அந்த இடத்திலேயே கடந்துபோவதுதான் சபை நாகரிகம். உங்கள் குழுவினரும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

மேலாளரைப் பற்றிச் சொன்னது அப்படிக் கடந்துபோகக் கூடியதல்ல. அவர் எதுவும் கேட்கவில்லை என்பதால் அவர் காதில் விழவில்லை என்றோ, மறந்துவிட்டார் என்றோ எண்ணிக்கொள்ளாதீர்கள். தன் கீழ் வேலை செய்பவர் தன்னைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும், அதுவும் வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில், "வேலை தெரியாது" என்று சொல்லக் கேட்ட ஒருவர் அதைத் தானாக எடுத்துப் பேசுவது கடினம். பேசினால் பழிவாங்குகிறார் என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம் அவருக்கு இருக்கலாம். தாம் புண்பட்டதைக் காட்டிக்கொள்ளக் கூச்சமாகவும் இருக்கலாம். ஆகவே முதல் அடியை நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். சில வாரங்கள் கழிந்துவிட்டன என்பது தடையாகாது. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் ஆண்டு மதிப்பீட்டு நேரம் நெருங்கி, உங்கள் மன்னிப்பு அதற்காகக் கேட்கப்பட்டதுபோல் தோன்றிவிடும்.

இதில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி ஒன்று உண்டு. நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியது சொன்ன சொல்லுக்காக. மைக் திறந்திருந்ததற்காக அல்ல. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள். "சார், மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று தொடங்குகிறார்கள். அதைக் கேட்பவருக்கு, "தெரிந்திருந்தால் உங்களுக்குக் கேட்காமல் பேசியிருப்பேன்" என்றுதான் பொருள்படும். அது காயத்தின் மேல் இன்னொரு காயம். இயர்பட்ஸ், புளூடூத் பற்றிய விளக்கம் எதுவும் அவரிடம் வேண்டாம். அது நீங்கள் தெரிந்துகொள்வதற்காக நான் சொன்னது. அவரிடம் தனியாகப் பத்து நிமிடம் நேரம் கேளுங்கள். குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ எழுதாதீர்கள். அலுவலகத்துக்கு நேரில் போகும் நாள் அண்மையில் இருந்தால் நேரிலும், இல்லாவிட்டால் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டும் பேசுங்கள். "சார், அன்றைய கூட்டத்தில் உங்களைப் பற்றி நான் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கும். அப்படிப் பேசியது தவறு. உங்கள் உழைப்பைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனதார மன்னிப்புக் கேட்கிறேன்" என்ற அளவில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்ப முயலாதீர்கள். அவர் கோபப்பட்டால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, விடுங்கள்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேலை விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

2010 ஏப்ரல் 28 அன்று, தேர்தல் பிரச்சாரத்தில் இருந்த பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன், ரோச்டேல் நகரில் ஒரு மூத்த பெண்மணியிடம் முகம் மலரப் பேசிவிட்டு, காரில் ஏறியதும் அவரைக் குறுகிய வெறுப்பு மனம் படைத்தவர் என்று தம் உதவியாளரிடம் சொன்னார். சட்டையில் மாட்டியிருந்த தொலைக்காட்சி மைக் கழற்றப்படாமல் இருந்ததால் அது அப்படியே பதிவாகி, ஒளிபரப்பாகிவிட்டது. பிரவுன் முதலில் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அது போதாது என்று உணர்ந்து, பிரச்சாரத்தின் நடுவில், அன்றே அந்தப் பெண்மணியின் வீட்டுக்குத் திரும்பிப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் சொல் யாரைக் காயப்படுத்தியதோ அவர் வாசலுக்கே போக வேண்டும் என்பதில் அவர் சரியாகவே நடந்துகொண்டார். தொலைக்காட்சியினர் மைக்கைக் கழற்றாமல் விட்டது யார் குற்றம் என்ற விவாதம் அந்தப் பெண்மணிக்குத் தேவையானதாக இருந்திருக்காது.

நீங்கள் கணவரிடம் சொன்னதில் ஒரு நியாயமான குறையும் ஒளிந்திருக்கிறது. கூட்டங்கள் இரவு வரை நீள்கின்றன என்பதே அது. குழந்தை உள்ள வீட்டில் மாலை வேளையை அலுவலகம் எடுத்துக்கொள்வது சிறிய விஷயமல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்கும் அதே பேச்சில் சொல்லாதீர்கள். சொன்னால் மன்னிப்பு பேரமாகிவிடும். இரண்டு மூன்று வாரம் போகட்டும். பிறகு வேறொரு நாளில், கூட்டத்துக்கு முடியும் நேரம் குறிக்கலாமா, உங்கள் பங்கை முதலில் வைத்துக்கொண்டு உங்களைச் சீக்கிரம் விடுவிக்கலாமா என்று தெளிவான கோரிக்கையாக முன்வையுங்கள்.

வாடிக்கையாளர் தரப்புக்குத் தமிழ் தெரியாது என்பதில் நீங்கள் ஆறுதல் காண்பது புரிகிறது. ஆனால் குரல் உயர்ந்ததும், மற்றவர்கள் சங்கடப்பட்டதும் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்களிடம் என்ன சொல்வது என்பதை மேலாளரின் முடிவுக்கு விட்டுவிடுங்கள். நீங்களாக எதுவும் எழுத வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பொறுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மைக் திறந்திருந்தவரை மட்டுமே எல்லோரும் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எதுவாக இருந்தாலும், கூட்டத்தை நடத்துகிறவர் பங்கேற்பவர் ஒருவரின் மைக்கைத் தம் இடத்திலிருந்தே மூடிவிட முடியும். அதைத் திறக்கத்தான் அந்தப் பங்கேற்பாளரின் சம்மதம் வேண்டும், மூடுவதற்கு வேண்டியதில்லை. உங்கள் முதல் வாக்கியம் காதில் விழுந்ததுமே, பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரே ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும். கணவரோடு பேசியதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். அது நடக்கவில்லை. ஒருவருக்கு அந்த வசதி தெரியாமல் இருக்கலாம். மற்றவர்கள் திகைத்துப்போய் இருக்கலாம். சிலர் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டும் இருந்திருக்கலாம். இதைப் படிக்கும் குழுத் தலைவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரின் வீட்டுப் பேச்சு கூட்டத்துக்குள் வருகிறது என்றால், முதலில் மூடுங்கள், பிறகு அவருக்குத் தனியாகத் தகவல் சொல்லுங்கள். "உங்கள் மைக் திறந்திருந்தது, மூடிவிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். மூடும் வசதி இல்லாத இடத்தில் இருப்பவர் உடனே கைபேசியில் அழைக்கலாம். என்ன கேட்டது என்பதைப் பிறகு யாரிடமும் எடுத்துச் சொல்லாமல் இருப்பதும் இந்தப் பொறுப்பின் பகுதியே.

இனி, பதிவுசெய்தவர். உங்கள் சொல்லில் ஒரு தவறு இருந்தது. அவர் செயலில் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. நீங்கள் பேசியது வீட்டுக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு. அவர் கைபேசியை எடுத்துப் பதிவுசெய்து, சேமித்து, பிறருக்கு அனுப்பியது தெரிந்தே செய்தது. அதில் உங்கள் குரல் மட்டுமல்ல, அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத உங்கள் மாமியாரின் குரலும் இருக்கிறது. அதை அனுப்பியவரிடம் நேரில் சண்டைக்குப் போகாதீர்கள். குழுவில் கெஞ்சவும் செய்யாதீர்கள். மனிதவளத் துறைக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த நாள், எந்தக் கூட்டம், பதிவு எந்தக் குழுவில் வந்தது என்ற விவரங்களும், உங்களிடம் இருக்கும் திரைப்பிடிப்பும் போதும். பதிவு எல்லாக் கைபேசிகளிலிருந்தும் நீக்கப்பட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். வாடிக்கையாளர் கூட்டத்தின் ஒலி வெளியே போயிருக்கிறது என்பதால், நிறுவனமே இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பதிவோடு சேர்த்து உங்களைப் பற்றிப் பாலியல் சாயல் கொண்ட கேலி எதுவும் வந்திருந்தால், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டுள்ள உள்ளகக் குழுவிடம் புகார் செய்யலாம். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும்.

இன்னொரு பதிவையும் மறந்துவிடாதீர்கள். கூட்டம் நிறுவனத்தாலேயே பதிவுசெய்யப்பட்டதா, பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதியோ கூட்டக் குறிப்பு எடுக்கும் செயற்கை நுண்ணறிவோ அதில் இயங்கியதா என்று மேலாளரிடமோ கூட்டத்தை ஏற்பாடு செய்தவரிடமோ கேளுங்கள். இயங்கியிருந்தால், உங்கள் வீட்டுப் பேச்சு அடங்கிய பகுதியை நீக்கித் தருமாறு கோரலாம். இந்தக் கோரிக்கையை மன்னிப்புக் கேட்ட மறுநாளோ அதற்குப் பிறகோ வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். அவர் குரலும் அந்நியர்கள் கைபேசியில் இருக்கிறது. உறவினர் யாரோ ஒருவர் வழியாக அது அவருக்குத் தெரியவந்தால், உங்கள் இருவருக்கும் இடையே ஆற முடியாத புண்ணாகிவிடும். "அத்தை, அன்றைக்கு நாம் பேசியது ஆபீஸ்காரர்களுக்குக் கேட்டுவிட்டது, ஒருவர் அதைப் பதிவுசெய்தும் வைத்திருக்கிறார், நான் புகார் கொடுத்திருக்கிறேன்" என்று நீங்களே சொன்னால், அவர் முதலில் கோபப்பட்டாலும் பிறகு உங்கள் பக்கம்தான் நிற்பார் என்று நினைக்கிறேன்.

கூட்டங்களில் வாய் திறக்காமல் இருப்பதை உடனே முடிவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு கூட்டமும் அன்றைய நிகழ்ச்சியை மற்றவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த கூட்டத்தில், தொடக்கத்திலேயே, உங்கள் வேலை தொடர்பான இரண்டு வாக்கியங்களைப் பேசிவிடுங்கள். பயம் குறைய, மைக் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உறுதி தேவை. ஜூமில் கூட்டத்துக்குள் நுழையும்போதே மைக் மூடியிருக்கும்படி அமைப்பில் குறித்து வைக்கலாம். மூடிய நிலையிலேயே இருந்துகொண்டு, பேசும்போது மட்டும் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். விரலை எடுத்தவுடன் மைக் மூடிக்கொள்ளும் என்பதால், மறதிக்கே அதில் இடமில்லை. டீம்ஸில் கன்ட்ரோல் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்துப் பிடித்தால் இதே பலன் கிடைக்கும். விண்டோஸ் கணினியில் மைக்கை மூடவும் திறக்கவும் ஜூமில் ஆல்ட் விசையோடு ஏ, டீம்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு எம், மீட்டில் கன்ட்ரோல் விசையோடு டி ஆகியவற்றை விரல்களுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். திரையைப் பகிரும்போது கூடுதல் கவனம் வேண்டும். அப்போது மைக் பொத்தான் இருக்கும் பட்டை ஓரத்துக்கு ஒதுங்கியோ மறைந்தோ போய்விடும். பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியை நம்பி இருந்துவிடாதீர்கள். அது மின்விசிறியின் இரைச்சலையும் விசைப்பலகையின் சத்தத்தையும் வடிகட்டும். பக்கத்தில் பேசும் மனிதக் குரலைப் பெரும்பாலும் பேச்சு என்றே எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். உங்களைப் போலக் கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். எழுந்து போவதாக இருந்தால், முடிந்தவரை கூட்டத்தை விட்டு வெளியேறிவிட்டு, திரும்ப வந்து சேர்ந்துகொள்ளுங்கள். யாரும் அதைத் தவறாக நினைக்கப் போவதில்லை.

கடைசியாக, வேலையை விடுவது பற்றி. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓக்லி என்ற ஊரின் பள்ளி வாரிய உறுப்பினர்கள், தங்கள் இணையக் கூட்டம் பொதுமக்களுக்குக் கேட்கிறது என்று அறியாமல், பள்ளிகளைத் திறக்கச் சொன்ன பெற்றோர்களை இழிவாகப் பேசினார்கள். சில நாட்களுக்குள் வாரியம் முழுவதுமே பதவி விலகியது. அவர்கள் விலகியது சரி என்றே நான் கருதுகிறேன். யாருடைய குழந்தைகளுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதோ, அந்தப் பெற்றோர்களையே அவர்கள் பழித்தார்கள். உங்கள் நிலை அப்படியல்ல. அதிகாரம் உங்களிடம் இல்லை. களைத்துப்போன ஒரு மாலையில், உங்களுக்கு மேலே இருப்பவரைப் பற்றிக் கணவரிடம் புலம்பியிருக்கிறீர்கள். அதற்கான விலை ஒரு நேர்மையான மன்னிப்பு; வேலையல்ல. இப்போது விலகினால், தவறு செய்த நீங்கள் வெளியேறி, அதைவிடப் பெரிய தவறு செய்தவர் அங்கேயே இருப்பார்.

ஆகவே இந்த வாரம் மேலாளரிடம் பேசுங்கள். அதன் பிறகு மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். மூன்று மாதம் பாருங்கள். அதற்குள் பதிவு நீக்கப்படாமல், கேலி தொடர்ந்து, நிர்வாகமும் கண்டுகொள்ளாமல் இருந்தால், வேறு வேலை தேடத் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் புதிய நிறுவனத்தின் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே இங்கே விலகல் கடிதம் கொடுங்கள்.